இடது கைப் பக்கம் நிற்கிறவன்: ஒரு நிகழ்வு ஆய்வு

பிளஸ் டூ தொடங்கியிருந்த 16 வயது மாணவன். முக்கூடலுக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையில் தாமிரபரணிக் கரையோரக் கிராமம். அப்பா செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறார். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். கல்லூரி முடித்த அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆய்வில் அந்த மாப்பிள்ளைப் பேச்சுக்கு ஸ்கேன் படத்துக்குச் சமமான இடம் உண்டு, அதனால் இங்கேயே சொல்லி வைக்கிறேன். என் கிளினிக்கில் என்ன செய்கிறது என்று கேட்டதற்குப் பையன் சொன்னது ஒரே வரி: "என்னைய மாதிரியே ஒருத்தன் வாறான் சார்."

பையனும் பெற்றோரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் சம்பந்தப்பட்ட எதையும் மாற்றவில்லை.

வீட்டார் சொன்ன கதை

முதல் நாள் பேசியது அம்மாதான். பொங்கல் லீவில் பையன் செல்போனில் ஒரு திகில் படம் பார்த்திருக்கிறான். பள்ளிக்கூடப் பையன் ஒருவனை அவனைப் போலவே ஒரு உருவம் பின்தொடர்கிறது. முதலில் கண்ணாடியில் தெரிகிறது, அப்புறம் வகுப்பறையில், கடைசியில் வீட்டுக்குள்ளேயே வந்து அவன் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரிவதில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இவன் "அவன் வந்துட்டான்" என்று சொல்லத் தொடங்கினான் என்றார் அம்மா. இரவில் தனியாகப் படுக்க மாட்டான். குளியலறைக் கண்ணாடியில் துண்டைப் போட்டு மூடி வைத்தான். திருப்புதல் தேர்வில் மார்க் சரிந்தது. வகுப்பாசிரியர் அப்பாவை வரச்சொல்லி, பையன் பாடம் நடக்கும்போது பராக்குப் பார்க்கிறான், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை என்று குறைப்பட்டிருக்கிறார்.

அப்பா போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆச்சி தினமும் திருநீறு போட்டார். பொட்டல்புதூர் பள்ளிவாசலில் ஓதி வாங்கிய கயிறு கையில் ஏறியது. செவ்வாய்க்கிழமைகளில் உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போய்வந்தார்கள். ஓர் இந்துக் குடும்பம் இப்படிச் சுற்றிவருவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் அதிசயமில்லை. குணமாகும் என்று கேள்விப்பட்ட இடத்துக்கெல்லாம் போவார்கள்.

போனதில் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எந்த இடத்திலும் பையனை யாரும் அடிக்கவில்லை, கட்டிப்போடவில்லை, பட்டினி போடவில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிச் செத்தார்கள். அதற்குப் பிறகு, கோயில் குளம் சுற்றிவிட்டு வருகிற யாரையும் முதலில் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் தழும்பு இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இவனிடம் கயிறு மட்டும்தான் இருந்தது.

அம்மாவின் கதை கோவையாக, ஒரு பிசிறும் இல்லாமல் இருந்தது. படம் பார்த்தான், பயந்தான், மனசு கெட்டுப்போச்சு. எனக்கு உறுத்தியது அந்த ஆசிரியரின் புகார்தான். பேய்க்குப் பயந்த பையன் சத்தம் கேட்டால் திடுக்கிடுவான். கூப்பிட்டது காதில் விழாமல் இருக்க மாட்டான்.

கொடை இரவு

அன்று கூட வந்திருந்தவர் தாய்மாமா. எல்லாரும் வெளியே போன பிறகு அவர் மட்டும் திரும்ப வந்து கதவைச் சாத்தினார். "அக்கா ஒண்ணை மறைச்சிட்டா சார்" என்று தொடங்கினார்.

வைகாசியில் ஊர்ச் சுடலைமாடசாமிக்குக் கொடை, அதாவது கோயில் திருவிழா. சாமியை அழைக்கிற குடியழைப்பு நடந்த இரவும் பையன் தூங்கவில்லை, மறுநாள் நள்ளிரவுச் சாமக்கொடைக்கும் கண்விழித்திருந்தான். ஒரு பக்கம் வில்லுப்பாட்டு, இன்னொரு பக்கம் கணியான் கூத்துக்காரர்களின் மகுட மேளச் சத்தம். சாமி தீப்பந்தத்தோடு வேட்டைக்குக் கிளம்புகிற நேரத்தில் இவன் இடது பக்கமாகத் தலையைத் திருப்பி எதையோ பார்த்தபடி நின்றிருக்கிறான். "வந்துட்டான்" என்றிருக்கிறான். அப்படியே விழுந்தான். உடம்பு விறைத்தது, அப்புறம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. சாமி வந்திருக்கிறது என்று பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ ஒருவர் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். ஆக அந்தக் கூட்டத்திலேயே இரண்டு கட்சி இருந்திருக்கிறது. குலவை போட்டவர்களும் சாவி கொடுத்தவரும் ஒரே காட்சிக்கு வேறு வேறு காரணம் நினைத்திருக்கிறார்கள். (சாவியால் எந்தப் பலனும் இல்லை. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸ்.)

இந்தப் பையனுக்கு முதன்முதலில் சரியாக நோயறிந்தவர் அன்று சாமியாடிய கோமரத்தாடி. மாமா சொன்னபடி, அவர் ஆட்டத்தை முடித்துவிட்டு வந்து பையன் முகத்தைப் பார்த்திருக்கிறார். "சாமி வந்தவன் நாக்கைக் கடிக்க மாட்டான். துணிய நனைக்க மாட்டான். இறங்குன உடனே தண்ணி கேப்பான், ஆளு தெரியும். இந்தப் பய இவ்வளவு நேரமா பெத்தவளைக்கூடத் தெரியாமக் கெடக்கான். இது நம்ம சாமி இல்லப்பா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

நாக்குக் கடி, சிறுநீர் கழிதல், நினைவு திரும்பத் தாமதம். மயங்கி விழுந்த ஒருவருக்கு வந்தது வலிப்பா, வேறு ஏதாவதா என்று பார்க்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்த மூன்றைத்தான். பல வருடம் சாமியாடி, பக்கத்தில் ஆடுகிறவர்களையும் பார்த்துப் பழகிய மனிதர். எது அருள், எது இல்லை என்று பிரித்துப் பார்ப்பது அவர் தொழிலில் ஒரு பகுதி. அவரை மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்த்துவிட்டால் இந்த நிகழ்வில் பாதி புரியாமல் போய்விடும்.

விடிந்ததும் பக்கத்து ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டி, தூக்கமில்லாததால் வந்த மயக்கம் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை. வீட்டாருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அதோடு விட்டுவிட்டார்கள்.

பையன் சொன்னது

அடுத்த முறை பையனைத் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். அதுவரை அவனிடம் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: அது யார்? இறந்துபோன பெரியப்பாவா, ஆற்றில் போன யாராவதா, படத்தில் வந்தவனா? நான் அதைக் கேட்கவில்லை.

"எந்தப் பக்கம் நிக்கான்?"

"எப்பவும் இடது கைப் பக்கந்தான் சார்."

"நீ அந்தப் பக்கம் திரும்புனா?"

"அவனும் நகந்துருவான். நேருக்கு நேர் பாக்க முடியாது."

"என்ன சட்டை போட்டிருக்கான்?"

"நான் என்ன போட்டிருக்கேனோ அதேதான். ஆனா வெளுத்துப்போய் இருக்கும். பழைய போட்டோ மாதிரி."

"ஏதாவது பேசுவானா, செய்வானா?"

"ஒண்ணும் செய்ய மாட்டான். சும்மா நிக்கான்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு பாட்டுல பல்லவி முடியுற நேரம்கூட இருக்காது சார்."

அதற்கு முன்னால் வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிற மாதிரி இருக்கும் என்றான். போன பிறகு தலை வலிக்கும், தூக்கம் தூக்கமாக வரும். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் நண்பனிடம் போனில் கேட்டேன். அந்த நேரத்தில் இவன் வெறித்துப் பார்ப்பான், வாயைச் சப்புக்கொட்டுவான், சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டே இருப்பான் என்றான் அவன். அதைப் பையன்கள் கேலி செய்து நடித்தே காட்டியிருக்கிறார்கள். இவனுக்கு அது எதுவும் ஞாபகமில்லை.

அப்புறம்தான் முக்கியமான கேள்வி: முதல் தடவை எப்போது? பொங்கலுக்குப் பிறகு என்பான் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கு முந்தின ஆடி மாசம் சார். ஆத்துல குளிச்சிக்கிட்டு இருக்கும்போது" என்றான். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கையில் இடது பக்கம் இன்னொருவன் நின்றான். கூட வந்த யாரோ என்று நினைத்திருக்கிறான். பிறகு பார்த்தால் ஆளில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

படம் பார்ப்பதற்கு ஐந்தாறு மாதம் முன்னால். குற்றவாளி என்று வீடே முடிவுகட்டியிருந்த படம் சம்பவ இடத்திலேயே இல்லை.

ஒரே பெயரில் மூன்று பேர்

"அவன்" என்று பையன் சொன்னதெல்லாம் ஒன்றல்ல என்பது பேசப்பேசத் தெரிந்தது. மூன்று வேறு அனுபவங்களை அவன் ஒரே ஆளின் கணக்கில் எழுதியிருந்தான்.

ஒன்று, மேலே சொன்ன இடதுபக்க உருவம். பள்ளிக்கூடம், ஆறு, பஸ், கொடை என்று எங்கு வேண்டுமானாலும் வரும். எப்போதும் ஒரே பக்கம், ஒரே மாதிரி, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது கண்ணாடியில் வந்தவன். படம் பார்த்த வாரத்தில் நண்பர்கள் பந்தயம் கட்டி, விளக்கை அணைத்துவிட்டு மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடியை உற்றுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் முகம் கோணியது, கண் வேறு யாருடையதோ மாதிரி ஆனது. அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தான். இது யாருக்கும் வரும். இத்தாலியின் உர்பினோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியோவானி கபூட்டோ 2010இல் வெளியிட்ட ஆய்வில், நோயெதுவும் இல்லாத 50 பேரை மங்கலான அறையில் 10 நிமிடம் கண்ணாடி பார்க்க வைத்தார். மூன்றில் இரண்டு பங்குப் பேர் தங்கள் முகம் பயங்கரமாகச் சிதைவதைக் கண்டார்கள். சிலர் முன்பின் தெரியாத ஆளையும், சிலர் விலங்கு முகத்தையும் பார்த்தார்கள். அசையாத மங்கல் உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணிலிருந்து போகிற தகவல் தேய்ந்துவிடும், மிச்சத்தை மூளை தானே இட்டு நிரப்பும். லைட்டைப் போட்டால் சரியாகிவிடும்.

மூன்றாவது, விடியற்காலையில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தவன். விழிப்பு வந்துவிட்டது, கை காலை அசைக்க முடியவில்லை, கத்த முடியவில்லை, மேலே யாரோ இருக்கிறார்கள். ஆச்சியிடம் கேட்டிருந்தால் அமுக்குவான் என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார். கனவு காணும் தூக்கத்தில் நாம் எழுந்து ஓடாமல் இருக்க உடல் தசைகளை மூளை செயலிழக்க வைத்திருக்கும். அந்தப் பிடி விலகும் முன்னே விழிப்பு வந்துவிட்டால் நடப்பது இது. சரியாகத் தூங்காதவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் கூடுதலாக வரும். பயந்து பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவனுக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதில் முதலாமவனுக்கு மட்டும்தான் மருந்து வேண்டும். மூவரையும் ஒருவனாகவே வைத்துக்கொண்டு வைத்தியம் பார்த்திருந்தால், பயத்துக்கு மாத்திரை கொடுத்து, தூக்கம் சரியாகி, கண்ணாடியில் போட்ட துண்டை எடுத்ததும் குணம் என்று எழுதிக் கோப்பை மூடியிருப்போம். முதலாமவன் ஆற்றங்கரையில் காத்துக்கொண்டிருப்பான்.

தன்னையே எதிரே காண்பது மருத்துவத்துக்குப் புதிதல்ல. வலிப்பு, ஒற்றைத் தலைவலி, மூளைக் கட்டி, கடுங்காய்ச்சல் என்று பல காரணங்களில் பதிவாகியிருக்கிறது. காதுக்கு மேலும் பின்னும் உள்ள மூளைப் பகுதியில்தான் கண் பார்ப்பது, உடம்பு நிற்கும் நிலை, சமநிலை எல்லாம் சேர்ந்து "இது நான், இங்கே இருக்கிறேன்" என்ற உணர்வாகிறது. அங்கே மின்னோட்டம் தடுமாறினால் அந்த உணர்வு இரண்டாகப் பிரியலாம்.

அதனால் இன்னொரு கேள்வியும் அவசியம். "அவன் நிக்கும்போது நீ எங்க இருந்தே? உனக்குள்ளயா, அவனுக்குள்ளயா?" கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் சூரிச்சில் பீட்டர் புரூகர் குழுவினர் 1994இல் பதிவுசெய்த இளைஞர் ஒருவருக்கு, எதிரே இருப்பது தானா, இங்கே இருப்பது தானா என்ற குழப்பம் தாங்க முடியாமல் போய், அதிலிருந்து தப்பிக்க ஜன்னல் வழியே குதித்தார். கீழே இருந்த புதரால் பிழைத்தார். அந்தக் குழப்பம் இருந்தால் நோயாளியை ஒரு நாள்கூட வீட்டுக்கு அனுப்பக்கூடாது. இவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நான் எனக்குள்ளதான் சார் இருந்தேன். வேற எங்க இருப்பேன்?" எனக்கு மூச்சு வந்தது.

மனச்சிதைவு இல்லை என்பதற்கும் அந்தப் பதில் உதவியது. குரல் கேட்கவில்லை, யாரையும் சந்தேகப்படவில்லை, வராத நேரங்களில் வழக்கம்போலப் படித்தான், விளையாடினான். ஒற்றைத் தலைவலியானால் பார்வைக் கோளாறு பல நிமிடம் நீடிக்கும். இது நிமிடத்துக்குள் முடிந்தது.

சோதனை

இரவு தூங்கவிடாமல் வைத்து மறுநாள் காலை மூளையின் மின் அலைகளைப் பதிகிற ஈஈஜி எடுத்தோம். மூளையின் வலப்பக்கப் பின்பகுதியில் வலிப்பு அலைகள் இருந்தன. எம்ஆர்ஐ, சிடி இரண்டிலும் அதே இடத்தில் பட்டாணியைவிடச் சிறிய, சுண்ணாம்பு படிந்த ஒரு புள்ளி. பன்றி நாடாப்புழுவின் முட்டை உடலுக்குள் போய், அதன் குஞ்சு மூளையில் தங்கி, செத்து, விட்டுச்சென்ற தழும்பு. வலப்பக்க மூளை உடலின் இடது பக்க உலகைப் பார்த்துக்கொள்கிறது. "எப்பவும் இடது கைப் பக்கந்தான் சார்" என்று பையன் சொன்னதைத்தான் ஸ்கேன் படம் பிடித்துக் காட்டியது.

அம்மாவுக்கு இதில் கோபம். "நாங்க பன்னிக்கறி தொட்டதே இல்ல சார்." தொட வேண்டியதில்லை. புழு இருக்கிற மனிதரின் மலத்திலிருந்து முட்டை தண்ணீருக்கும் கீரைக்கும் வந்து, சரியாகக் கழுவாமல் சாப்பிடுகிற யாருக்கும் போகலாம். சுத்த சைவக்காரர்களுக்கும் வரும். இந்தியாவில் வலிப்புக்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. புழு செத்துச் சுண்ணாம்பாகிவிட்டதால் அதைக் கொல்ல மருந்து தேவையில்லை, வலிப்புக்கு மட்டும் போதும்.

கார்பமசெபைன் என்ற வலிப்பு மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினோம். தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச்சொன்னேன். எதுவும் வரவில்லை.

படம் என்ன செய்தது?

படத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வலிப்பைக் கொண்டுவந்தது படம் இல்லை. ஆனால் வலிப்பில் வந்தவனுக்கு ஒரு நோக்கத்தைக் கொடுத்தது படம்தான். ஆடி முதல் பொங்கல் வரை பையனுக்கு இது ஒரு விசித்திரம், அவ்வளவுதான். பொங்கலுக்குப் பிறகுதான் "அவன் என் எடத்தப் புடிக்கப் பாக்கான்" என்ற பேச்சு வந்தது. சும்மா நிற்பவன் எப்படி இடத்தைப் பிடிப்பான் என்று கேட்டேன். "படத்துலயும் மொதல்ல சும்மாதான் சார் நிப்பான்" என்றான்.

படமே பார்க்காதவர்களும் இப்படி நோக்கம் கற்பிப்பார்கள். 2006இல் நேச்சர் இதழில் வந்த ஒரு பதிவில், வலிப்புக்கான அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய சோதனையாக 22 வயதுப் பெண் ஒருவரின் இடப்பக்க மூளையில் மெல்லிய மின்சாரம் செலுத்தினார்கள். தன் பின்னால் யாரோ இருப்பதாக அவர் உணர்ந்தார். அவர் உட்கார்ந்தால் அந்த நிழலும் உட்கார்ந்தது. அவர் கையில் ஓர் அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது, அது அட்டையைப் பிடுங்கப் பார்க்கிறது என்றார். அது அவருடைய உடலின் நிழலுணர்வு என்று அங்கிருந்த ஆராய்ச்சியாளர்களுக்குப் புரிந்தது, அவருக்குப் புரியவில்லை. தன்னைப் போலவே அசைகிற இன்னொன்றை மனித மனம் சும்மா விடாது. அதற்கு என்ன வேண்டும் என்று கேட்கும். திரைக்கதை எழுதுகிறவர்கள் பிடித்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.

சரி, படத்தால் வந்த பயத்தைப் படத்தை வைத்தே எடுக்கலாம் என்று தோன்றியது. 1940இல் பி.யு.சின்னப்பா 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட்ட காலத்திலிருந்து தமிழில் இரட்டையர்களுக்குப் பஞ்சமில்லை, அது எப்படி எடுக்கப்படுகிறது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றான். கேமராவை அசையாமல் வைத்து, ஒரு பாதியை மறைத்துவிட்டு இன்னொரு பாதியில் நடிகரை நிறுத்தி எடுப்பார்கள். அப்புறம் மறைத்ததைத் திறந்து, எடுத்ததை மறைத்து, அதே பிலிமில் அதே ஆளை மறுபக்கம் நிறுத்தி எடுப்பார்கள். நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டை யாரும் தாண்டக் கூடாது. தாண்டினால் கை மறைந்துபோகும். பழைய படங்களில் இரட்டையர் கட்டிப்பிடிக்க வேண்டியிருந்தால் ஒருவர் முதுகு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அது வேறு ஆள்.

பூட்டி வைத்த போனை அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொடுத்தேன். மாமா மகனைச் சேர்த்துக்கொண்டு பையன் வாய்க்கால் கரையில் ஒரு சின்ன வீடியோ எடுத்துவந்தான். இரண்டு பேரும் அவனே, ஒருவன் இன்னொருவனிடம் கணக்கு நோட்டைக் கேட்கிறான். கோட்டில் கொஞ்சம் பிசகி, ஒருவனுடைய முழங்கை காணாமல் போயிருந்தது. அதைக் காட்டி அவனே சிரித்தான். இது வலிப்புக்கு வைத்தியம் ஆகாது, ஒரு வலிப்பைக்கூட இது குறைத்திருக்காது. ஆனால் அந்த வாரத்திலிருந்து தனியாகப் படுத்தான் என்று அம்மா சொன்னார். விடியற்காலை அமுக்குவானும் மெல்ல மெல்லக் குறைந்தது.

எது மலிவு?

அம்மா ஏன் கொடை இரவை மறைத்தார்? அறியாமை என்று எழுதிவிடலாம், பலர் அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு ஒப்பவில்லை. அவருக்கு வலிப்பு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் மறைத்தார்.

நோயின் பெயரைச் சொன்ன அன்று அவர் அழுதுகொண்டே சொன்னது: "பேயின்னா ஒரு கொடையில போயிரும் சார். காக்காவலிப்புன்னா மூத்தவளுக்கு எவன் வருவான்?" பேய் வெளியிலிருந்து வருவது, வீட்டுக்கு அதில் பழியில்லை. ஊரே வந்து ஆறுதல் சொல்லும், கூட உட்காரும், கயிறு வாங்கித் தரும். வலிப்பு என்றால் ரத்தத்தில் இருக்கிறது என்பார்கள், பெண் எடுக்கமாட்டார்கள். திகில் படம் இன்னும் வசதி. பேயையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், செல்போனைத் திட்டினால் போதும், கேட்கிற எல்லாரும் தலையாட்டுவார்கள். இந்தக் கணக்கில் அவர் தேர்ந்தெடுத்தது குறைந்த செலவில் முடிகிற விளக்கத்தை. பீடிக் கட்டுக்கு எத்தனை ரூபாய் கழிக்கிறார்கள் என்று வாராவாரம் கணக்குப் பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்குமா?

இதற்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. வலிப்பு உள்ளவர் திருமணம் செய்யத் தகுதியில்லாதவர் என்று இந்துத் திருமணச் சட்டத்திலேயே இருந்தது. அந்தச் சொல்லை 1999இல்தான் நீக்கினார்கள். சட்டப் புத்தகமே அவ்வளவு காலம் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு கிராமத்துத் தாய் நம்பினார் என்பதில் வியக்க ஒன்றுமில்லை.

நான் மாமாவோடு சேர்ந்து அவரிடம் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பையனுக்கு வந்தது பரம்பரை நோயில்லை, கழுவாத கீரையிலோ தண்ணீரிலோ வந்த தழும்பு. அக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது, ஒழுங்காக மருந்து எடுத்தால் வலிப்பு உள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் வலிப்பே வராமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதல் விஷயம்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

பேசிக்கொண்டிருந்த ஒரு சம்பந்தம் நின்றுபோனது. இதனால்தானா என்று யாரும் சொல்லவில்லை. அடுத்து வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் மாமாவே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா என் கிளினிக்குக்கு வந்து, "இது பிள்ளைங்களுக்கு வருமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். பையன் வீட்டாரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் சொன்னேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

இப்போது

மருந்து சரியான அளவுக்கு வந்த பிறகு இடதுபக்கக்காரன் ஒரே ஒரு தடவைதான் வந்தான். பொதுத்தேர்வு நேரத்தில், மாத்திரை தூக்கத்தைத் தருகிறது என்று யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் நிறுத்திவிட்டான். பிசிக்ஸ் பரீட்சைக்கு முந்தின நாள் வந்து சில விநாடி நின்றுவிட்டுப் போனான். இந்த முறை பையன் பயப்படவில்லை, மாமாவுக்குப் போன் போட்டு "மாத்திரைய விட்டுட்டேன் மாமா" என்றான். இரவு மாத்திரையின் அளவைக் கூட்டி, பகல் மாத்திரையைக் குறைத்துத் தூக்கப் பிரச்சினையைச் சரிசெய்தோம்.

ஆறுதான் பெரிய சண்டை. தாமிரபரணிக்கரைப் பையனிடம் தனியாக ஆற்றில் இறங்காதே என்பது சோறு சாப்பிடாதே என்பதைவிடக் கொடுமை. ஆனால் வலிப்பு உள்ளவர்களுக்குத் தண்ணீரைப் போல ஆபத்து வேறில்லை, முழங்கால் அளவு போதும். நீந்தத் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் மட்டும், கரையோரமாக, என்று பேசி முடித்தோம். கிணற்றில் குதிப்பது அறவே கூடாது. கொடைக்குப் போகலாம், சாமக்கொடைக்குக் கண்விழிக்கக் கூடாது. அதை அந்தக் கோமரத்தாடியே பொறுப்பெடுத்து, பன்னிரண்டு மணிக்கு முன்னால் வீட்டுக்கு விரட்டிவிடுகிறார். கையில் அந்தப் பொட்டல்புதூர்க் கயிறு இன்னும் இருக்கிறது. கழற்றச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

குறைந்தது இரண்டு வருடம் வலிப்பே இல்லாமல் இருந்தால்தான் மருந்தைக் குறைப்பது பற்றிப் பேசவே முடியும். சுண்ணாம்புத் தழும்பு இருப்பதால் அதற்கு மேலும் ஆகலாம். தேர்வுக்கு முந்தின நாள் வந்ததால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது.

பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். பைக் லைசென்ஸ் வேண்டும் என்கிறான், அப்பாவும் அவன் பக்கம்தான். விண்ணப்பத்தோடு கொடுக்கும் முதல் படிவத்தில், உங்களுக்கு வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதில் இல்லை என்று எழுத நான் சான்றிதழ் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்டியரிங் பிடித்தே குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர், மகன் வண்டி ஓட்டக்கூடாது என்றால் சும்மா இருப்பாரா? போன வாரம் மருந்து வாங்க வந்தபோதும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.